வயிற்றுக் குழாயில் வீட்டுச் சாப்பாடு விடலாமா?



சென்ற மாதம் சங்கக் கிளைக் கூட்டம் முடிந்து எல்லாரும் தேநீர் குடித்துக் கொண்டிருந்த வேளையில், பக்கத்துத் தோட்டத்துப் பாட்டியம்மா ஒருவர் என்னை ஓரமாக அழைத்தார். "டிரசர் ஐயா, பேரப்பிள்ளைக்கு வயித்துல ஓட்டை போட்டுக் குழாய் வச்சு அனுப்பிட்டாங்க. பால்மாவு வாங்கி மாளல. நாங்க திங்கிற சோத்தையே மையா அரைச்சு அதுல விட்டா என்னங்கய்யா?" என்று கேட்டார். கேட்ட பிறகு, ஏதோ தப்பாகப் பேசிவிட்டவர் போலச் சுற்றும் முற்றும் பார்த்தார்.

அந்தப் பார்வைதான் என்னை இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. இதே கேள்வியைச் சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு தாய் என்னிடம் கேட்டார். அன்று நான் சொன்ன பதில் தவறு. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

அது நான் அப்போது வேலை செய்த தோட்டம். பிள்ளைக்கு ஏழு வயது. பிறக்கும்போதே மூளைக்குப் பிராணவாயு சரியாகப் போகாமல் கைகால் முடங்கிய பிள்ளை. வாய்வழியாகக் கஞ்சி கொடுத்தால் பாதி நுரையீரலுக்குப் போய்விடும். வருடத்துக்கு மூன்று நான்கு தடவை சளிக்காய்ச்சல் என்று பெரியாஸ்பத்திரியில் படுக்கும். கடைசியில் டாக்டர்கள் வயிற்றில் குழாய் வைத்தார்கள். சளிக்காய்ச்சல் குறைந்தது, உடம்பும் கொஞ்சம் தேறியது. தாயும் தகப்பனும் செம்பனை வேலை. ஒரு டின் பால்மாவின் விலை ஒரு நாள் சம்பளத்துக்கு மேலே. அந்த டின் ஒரு வாரம்கூட வராது. ஒரு நாள் அந்தத் தாய் மருந்தகத்துக்கு வந்து, "ஐயா, சோறும் பருப்பும் அரைச்சு விட்டுப் பாத்தேன், புள்ள நல்லா தாங்கிக்கிச்சு" என்றார். எனக்கு வந்ததே கோபம்! "குழாய் அடைச்சுக்கிட்டா யாரு பதில் சொல்றது? இனிமே செய்யக்கூடாது" என்று நாலு பேர் முன்னால் சத்தம் போட்டு அனுப்பிவிட்டேன்.

அவர் அரைப்பதை நிறுத்தவில்லை. என்னிடம் சொல்வதைத்தான் நிறுத்தினார். ஒரு நாளைக்கு ஐந்து வேளை, வேளைக்கு 200 மில்லி என்பது ஆஸ்பத்திரிக் கணக்கு. அதில் இரண்டு வேளை பால்மாவை விட்டுவிட்டு, குழாய் அடைத்துக்கொள்ளுமோ என்ற பயத்தில் தண்ணீர் ஊற்றி ஊற்றி, துணியில் வடிகட்டி, மெல்லிய கஞ்சியாக விட்டிருக்கிறார். பத்து வாரம் கழித்துப் பிள்ளையைத் தராசில் வைத்தபோது 13 கிலோ இருந்த உடம்பு 11 கிலோ 400 கிராமுக்கு இறங்கியிருந்தது. விலா எலும்பு எண்ணலாம். "தினமும் வயிறு நெறயத்தானே ஐயா குடுத்தேன்" என்று அந்தத் தாய் அழுதது இன்னும் என் காதில் இருக்கிறது. வயிறு நிறைந்தது உண்மைதான். தண்ணீரால் நிறைந்தது.

அன்று நான் சத்தம் போடாமல், "என்ன அரைச்சீங்க, எவ்வளவு தண்ணி விட்டீங்க, கொண்டாங்க பாப்போம்" என்று கேட்டிருந்தால் அந்தப் பிள்ளை அந்தப் பத்து வாரத்தை இழந்திருக்காது. நிற்க. இனி விஷயத்துக்கு வருவோம்.

குழாயின் முனை எங்கே இருக்கிறது?

முதலில் உங்கள் பிள்ளைக்கு வைத்திருப்பது எந்தக் குழாய் என்று தெரிந்துகொள்ள வேண்டும். மூக்கு வழியாக விடும் குழாய் ஒன்று. அது மெல்லியது, சில வாரங்களுக்கு மட்டும் என்று வைப்பது. வயிற்றின் மேல்தோலில் சின்னத் துளை போட்டு நேரே இரைப்பைக்குள் வைக்கும் குழாய் இன்னொன்று. நீண்ட காலம் குழாய் தேவைப்படும் பிள்ளைக்கு இதுதான். முன்பெல்லாம் இதற்கு வயிற்றைக் கிழித்துத்தான் வைப்பார்கள். 1979இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் கௌடரர், பொன்ஸ்கி என்ற இரு டாக்டர்கள், வாய்வழியாக ஒரு பார்வைக் குழாயை இறக்கி உள்ளே பார்த்துக்கொண்டே, சின்னத் துளை வழியாக வைக்கும் முறையை ஒரு கைக்குழந்தைக்குச் செய்தார்கள். 1980இல் அதை வெளியிட்டார்கள். இன்று நம் நாட்டுப் பெரியாஸ்பத்திரிகளிலும் அந்த முறை உண்டு. மூன்றாவது வகை, இரைப்பையைத் தாண்டிச் சிறுகுடலில் போய் நிற்கும் குழாய்.

இந்த மூன்றில் இரைப்பைக் குழாய்க்கு மட்டும்தான் அரைத்த சாப்பாடு பொருந்தும். காரணம் எளிது. நாம் மென்று விழுங்கும் சோறு எங்கே போகிறது? இரைப்பைக்குத்தான். பல் செய்யும் வேலையைப் பிளெண்டர் செய்துவிட்டால், சோற்றையும் பருப்பையும் கீரையையும் இரைப்பை வழக்கம் போலவே ஏற்றுக்கொள்ளும். புளிப்பு நீரைச் சுரந்து, வந்த கிருமியில் பெரும்பகுதியைக் கொன்று, கொஞ்சம் கொஞ்சமாகக் குடலுக்கு அனுப்பும். சிறுகுடலில் நிற்கும் குழாயில் விட்டால் அந்தக் காவல் இல்லை. மொத்தமாகப் போய் விழும். ஆகவே அங்கே அரைத்த சாப்பாடு கூடவே கூடாது. மூக்குக் குழாயோ உணவுக்கு மிகவும் ஒடுக்கம். குழாயின் தடிமனைப் "பிரெஞ்சு" என்ற எண்ணால் குறிப்பார்கள். 3 பிரெஞ்சு என்றால் 1 மில்லிமீட்டர். பிள்ளைகளின் மூக்குக் குழாய் பெரும்பாலும் 6, 8, 10 என்று இருக்கும். அரைத்த சாப்பாட்டுக்கு 14 பிரெஞ்சு அல்லது அதற்கு மேல் இருப்பது நல்லது என்பது பொதுவான கணக்கு. அதாவது சுமார் நாலே முக்கால் மில்லிமீட்டர். எண் குழாயின் மேலேயே அச்சடித்திருக்கும், பாருங்கள்.

இரைப்பைக் குழாய் இருந்தாலும் எல்லாப் பிள்ளைக்கும் ஆகாது. ஆறு மாதம் நிறையாத குழந்தைக்குத் தாய்ப்பாலோ குழந்தைப் பாலோதான். துளை போட்டுப் புண் இன்னும் ஆறாத பிள்ளை, நோய் எதிர்ப்புச் சக்தி மிகக் குறைந்த பிள்ளை, சிறுநீரக நோய்க்காகத் தண்ணீரும் உப்பும் அளந்து கொடுக்கப்படும் பிள்ளை, இரவு பகலாக மிஷினில் சொட்டுச் சொட்டாகப் பால் போய்க்கொண்டிருக்கும் பிள்ளை, இவர்களுக்கெல்லாம் டாக்டர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். மற்றவர்களுக்கும் டாக்டரிடமும் உணவு நிபுணரிடமும் சொல்லிவிட்டுத் தொடங்க வேண்டும். பெரியாஸ்பத்திரியில் உணவு நிபுணர் இருக்கிறார். நம்மவர்களில் பலர் அந்த அறையைத் தாண்டி மருந்து வாங்கும் வரிசைக்கு ஓடிவிடுகிறார்கள். மிஸ்ஸியிடம் கேளுங்கள், எழுதிக் கொடுப்பார்.

பால்மாவு எதிரியல்ல

டின் பால் என்றதும் தேநீருக்குக் கலக்கும் இனிப்புப் பாலை நினைத்துவிட வேண்டாம். அதில் பெரும்பகுதி சீனி. குழாய்ப் பிள்ளைக்கு அது உணவாகாது. நான் சொல்வது ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுக்கும் மருந்துப் பால்மாவு. பிள்ளைகளுக்கான சாதாரணப் பால்மாவை டின்னில் போட்டிருக்கும் அளவுப்படி கலந்தால் 1 மில்லிக்கு ஏறக்குறைய 1 கலோரி கிடைக்கும். இரும்புச் சத்து, சுண்ணாம்புச் சத்து, வைட்டமின் எல்லாம் கணக்குப் போட்டுச் சேர்த்திருப்பார்கள். அதன் பெரிய நன்மை அதுதான்: அளந்தால் போதும், யோசிக்க வேண்டாம்.

அப்படியானால் ஏன் வீட்டுச் சாப்பாடு? காசு மட்டும் காரணமல்ல. சில பிள்ளைகளுக்குப் பால்மாவு மட்டுமே போகும்போது ஓங்கரிப்பும் வாந்தியும் ஓயாது. 2011இல் அமெரிக்காவின் சின்சினாட்டி நகரக் குழந்தைகள் மருத்துவமனை டாக்டர்கள், வாந்தி மேலே ஏறாதபடி இரைப்பையின் வாயைச் சுற்றி மடித்துத் தைக்கப்பட்ட 33 பிள்ளைகளுக்கு அரைத்த உணவைக் குழாயில் கொடுத்துப் பார்த்ததை எழுதினார்கள். பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு ஓங்கரிப்பு முக்கால் பங்குக்கு மேல் குறைந்ததாகப் பெற்றோர் சொன்னார்கள். எந்தப் பிள்ளைக்கும் மோசமாகவில்லை. வாயால் கொஞ்சமாவது சாப்பிடும் ஆசை கூடிய பிள்ளைகளும் அதில் பாதிக்கு மேல். 33 பேர் என்பது சின்னக் கூட்டம்தான். ஆனாலும் வீட்டில் தாய்மார் சொல்லிவந்ததை டாக்டர்களும் ஏட்டில் எழுதினார்கள். மலச்சிக்கலுக்கும் கீரை, பப்பாளி போன்றவற்றின் நார்ச்சத்து உதவும்.

காசும் சத்தும் போக இன்னொன்று உண்டு. ஏழு வயதுப் பிள்ளை. வீட்டில் எல்லாரும் பொங்கல் சாப்பிடுகிறார்கள், அதற்கு மட்டும் வெள்ளைப் பால். என்னிடம் அழுத அந்தத் தாய் பின்னர் ஒரு நாள் சிரித்துக்கொண்டே சொன்னார்: "ஐயா, நேத்து ஏப்பம் விட்டான், பருப்பு வாசம் அடிச்சிச்சு!" அந்தச் சந்தோஷத்தைக் கணக்கில் எழுத எனக்குத் தெரியாது.

ஆனால் பால்மாவை ஒரேயடியாக நிறுத்த வேண்டியதில்லை. ஐந்து வேளையில் ஒரு வேளை, பிறகு இரண்டு வேளை என்று வீட்டுச் சாப்பாடு கொடுத்து, மற்ற வேளைகளில் பால்மாவே கொடுப்பதுதான் நம் வீடுகளுக்கு ஏற்றது என்பது என் எண்ணம். தாய் வேலைக்குப் போகும் வேளையில் பால்மாவு, வீட்டில் இருக்கும் வேளையில் அரைத்த சாப்பாடு.

தண்ணீர்க் கணக்கு

இதுதான் முக்கியம், நிதானமாகப் படியுங்கள். ஒரு பிடி அரிசி 30 கிராம் என்று வையுங்கள். ஏறக்குறைய 105 கலோரி. அதை அரை லிட்டர் கஞ்சியாகக் காய்ச்சினால் 100 மில்லிக்கு 20 கலோரிதான் நிற்கிறது. அதே 100 மில்லி பால்மாவில் 100 கலோரி. ஐந்தில் ஒரு பங்கு! அந்தத் தாயின் கஞ்சியில் கேரட்டும் கொஞ்சம் பருப்பும் இருந்தன. பின்னால் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன்: 100 மில்லிக்கு சுமார் 40 கலோரி வந்தது. இரண்டு வேளைக்கு 400 மில்லி, அதில் 400 கலோரி வர வேண்டிய இடத்தில் 160. நாளொன்றுக்கு 240 கலோரி பிள்ளையின் உடம்பிலிருந்து கழிந்திருக்கிறது.

அதோடு துணியில் வடிகட்டியது வேறு. துணியில் தங்கியது குப்பையல்ல, பிள்ளையின் சாப்பாடு. வடிகட்டியில் நிறைய தங்கினால் இன்னும் அரைக்கவில்லை என்று பொருள். திரும்ப ஜாடியில் போட்டு அரையுங்கள். கடைசியில் தேநீர் வடிகட்டி வழியாக ஒரு தடவை ஊற்றிப் பார்ப்பது, கீரை நாரும் மீன் முள்ளும் தங்கிவிட்டதா என்று பார்க்கத்தான்.

சரி, சத்துள்ளதாக எப்படிச் செய்வது? ஒரு மாதிரி சொல்கிறேன். குழைய வெந்த சோறு 100 கிராம், வெந்த பருப்பு 50 கிராம், நன்றாக வேகவைத்த முட்டை ஒன்று, வெந்த பரங்கிக்காய் 50 கிராம், இளங்கீரை 30 கிராம் தண்டு நீக்கி வேகவைத்தது, சமையல் எண்ணெய் இரண்டு தேக்கரண்டி, கொழுப்பு நீக்காத பால் 200 மில்லி. எல்லாம் சேர்ந்து அரை லிட்டருக்குச் சற்றுக் குறைவாக வரும். கலோரி கூட்டிப் பாருங்கள்: சோறு 130, பருப்பு 55, முட்டை 70, பரங்கி 12, கீரை 6, எண்ணெய் 90, பால் 130. மொத்தம் ஏறக்குறைய 490. புரதம் 19 கிராம் வரை. பால்மாவுக்குச் சமமாக 1 மில்லிக்கு 1 கலோரி. ஆனால் "கொஞ்சம் கெட்டியா இருக்கே" என்று 200 மில்லி தண்ணீர் விட்டீர்களோ, அது உடனே 100 மில்லிக்கு 70 கலோரியாக இறங்கிவிடும். ஆகவே இளக்க வேண்டுமானால் வெறும் தண்ணீருக்குப் பதில் பாலையோ, அந்த வேளைக்குரிய பால்மாவைக் கலக்கியோ சேருங்கள். பரங்கியும் கீரையும் சேர்ந்து கொடுக்கும் 18 கலோரியையும் இரண்டு தேக்கரண்டி எண்ணெய் கொடுக்கும் 90ஐயும் பாருங்கள். காய்கறி வைட்டமினுக்கு, எண்ணெய் சக்திக்கு. "எண்ணெய் வேண்டாம், சளி பிடிக்கும்" என்று பாட்டிமார் சொல்வதைக் கேட்டுக் குறைத்துவிடாதீர்கள். நெய்யைவிட எண்ணெய் வசதி. நெய் ஆறினால் உறைந்து குழாயில் ஒட்டும்.

இது மாதிரிதான், உங்கள் பிள்ளைக்கான சீட்டு அல்ல. வயது, எடை, வலிப்பு, சிறுநீரகம் எல்லாம் பார்த்து உணவு நிபுணர்தான் அளவு சொல்ல வேண்டும். அவரிடம் போகும்போது "சோறு பருப்பு குடுக்கிறேன்" என்று சொன்னால் போதாது. எத்தனை கரண்டி, எவ்வளவு பால், எவ்வளவு தண்ணீர், கடைசியில் எத்தனை மில்லி வந்தது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். சமையல் தராசு இல்லாவிட்டால் எப்போதும் ஒரே மங்கு, ஒரே கரண்டி வைத்து அளங்கள். இதே அரைத்த உணவைப் பற்றிப் பிலிப்பைன்ஸ் நாட்டு ஆஸ்பத்திரிகளில் ஆராய்ந்தபோது, ஆஸ்பத்திரிச் சமையலறையில் செய்ததிலேயே எதிர்பார்த்த சத்தும் உண்மையில் இருந்த சத்தும் ஒத்துப்போகவில்லை. அளந்து சமைக்கும் இடத்திலேயே அப்படியென்றால் கண்ணளவை எப்படி நம்புவது?

புதிதாக ஒரு பண்டம் சேர்க்கும்போது ஒன்றை மட்டும் சேர்த்து மூன்று நாள் பொறுங்கள். தடிப்பு, வாந்தி, பேதி வந்தால் எதனால் வந்தது என்று தெரியும். முட்டை, மீன், நிலக்கடலை இவற்றில் கவனம். பச்சை முட்டை கூடாது. தேன் ஒரு வயதுக்குள் கூடாது. மிளகாய்க் காரம் வேண்டாம். மஞ்சள் பரவாயில்லை, குழாய் மட்டும் மஞ்சளாகிவிடும், பயப்படாதீர்கள். வீட்டுச் சாப்பாட்டில் உப்பே இல்லாமல் விடுவதும் தவறு. பால்மாவில் இருந்த உப்பு இதில் குறையும். எவ்வளவு என்று உணவு நிபுணரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

காலை நாலரை மணிச் சாப்பாடு

கிருமி விஷயத்தில் நம் தோட்ட வாழ்க்கைக்கென்று ஒரு சங்கடம் இருக்கிறது. பெரட்டுக்குப் போகும் தாய் காலை நாலரைக்கு எழுந்து அரைத்து, மூடி மேசையில் வைத்துவிட்டுப் போகிறார். பாட்டி பத்தரை மணிக்கு எடுத்து விடுகிறார். இடையில் ஆறு மணி நேரம். நம் ஊர் வெக்கையில் கிருமிக்கு அது கல்யாண விருந்து. சாதகமான சூட்டில் சில கிருமிகள் 20 நிமிடத்துக்கு ஒரு முறை இரட்டிப்பாகும். ஒரே ஒரு கிருமி என்று வையுங்கள்: இரண்டு மணி நேரத்தில் 64. ஆறு மணி நேரத்தில் இரண்டரை லட்சத்துக்கு மேல். சோற்றில் வரும் ஒரு வகைக் கிருமி விடும் நஞ்சு, திரும்பச் சூடு பண்ணினாலும் போகாது. ஆகவே நமக்கு அருமையான பழைய சோறு, குழாய்ப் பிள்ளைக்கு ஆகாது. அன்று வடித்த சோறுதான்.

அரைத்ததை வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். மீந்ததைக் கொட்டிவிடுங்கள், காசு போகிறதே என்று மனம் கேட்காதுதான், ஆனாலும் கொட்டுங்கள். முன்கூட்டியே செய்ய வேண்டுமானால், அரைத்தவுடன் ஒரு வேளை அளவாகச் சின்ன டப்பாக்களில் ஊற்றி ஐஸ்பெட்டிக்குள் வையுங்கள். கதவுப் பக்கம் வேண்டாம், உள்ளே குளிர்ச்சியான இடத்தில். 24 மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும். பாட்டி செய்ய வேண்டியதெல்லாம் ஒரு டப்பாவை எடுத்துச் சுடுதண்ணீர்ப் பாத்திரத்தில் சற்று நேரம் வைத்துக் குளிர் போக்குவதுதான். ஐஸ்பெட்டி இல்லாத வீட்டில், அல்லது மின்சாரம் அடிக்கடி போகும் வீட்டில், பகலில் பால்மாவு, மாலையில் தாய் வந்த பிறகு அரைத்த சாப்பாடு. அதிலும் பால்மாவைக் கலக்கி வைத்துவிட்டால் கிருமி வராது என்று நினைக்கக் கூடாது. 2001இல் வெளியான ஓர் ஆய்வுக்காகப் பிலிப்பைன்சின் நான்கு ஆஸ்பத்திரிகளில் சோதித்தபோது, அரைத்த உணவில் மட்டுமின்றிக் கலக்கிய மாவுப் பாலிலும் கிருமி கண்டார்கள். கையும் பாத்திரமும் தண்ணீரும்தான் காரணம்.

பிளெண்டரைப் பற்றி ஒரு வார்த்தை. மசாலா அரைக்கும் ஜாடியை இதற்கு வைக்காதீர்கள். தனி ஜாடி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்; புதிய மிஷின் தேவையில்லை. ஒவ்வொரு தடவையும் கத்தியைக் கழற்றி, அதன் அடியில் இருக்கும் ரப்பர் வளையத்தையும் எடுத்துச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, வெயிலிலோ காற்றிலோ உலர விடுங்கள். ஒரு வீட்டில் அந்த வளையத்தைக் கழற்றிக் காட்டினேன். கறுப்பாகப் பாசி. அந்த வீட்டுப் பெண் என் முகத்தைப் பார்க்கவில்லை. குற்றம் அவருடையதல்ல, அது கழன்று வரும் என்றே யாரும் அவருக்குச் சொன்னதில்லை.

விடும் முறை

பிள்ளையைப் படுக்க வைத்து விடக் கூடாது. உட்கார வைத்து, அல்லது தலையணை வைத்து நெஞ்சை உயர்த்தி விடுங்கள். முடிந்த பிறகும் அரை மணி நேரத்துக்குக் குறையாமல் அப்படியே இருக்கட்டும். முதலில் காய்ச்சி ஆறிய தண்ணீரைக் கொஞ்சம் விட்டுப் பாருங்கள். தடையின்றிப் போனால்தான் சாப்பாடு. பதம், தோசை மாவில் இன்னும் கொஞ்சம் பால் விட்டாற்போல இருக்க வேண்டும். இட்லி மாவுப் பதம் ஆகாது. 60 மில்லி சிரிஞ்சில் எடுத்து, பதினைந்து இருபது நிமிடத்தில் மெதுவாகக் கொடுங்கள். நாம் ஒரு மங்கு சோற்றைச் சாப்பிட எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு. ஓங்கரித்தால் நிறுத்திப் பொறுங்கள். முடிந்ததும் மறுபடி தண்ணீர் விட்டுக் குழாயைக் கழுவிவிட வேண்டும். இந்தக் கடைசித் தண்ணீரை மறந்தால் குழாய் அடைத்துக்கொள்ளும்.

அடைத்துவிட்டால் வெதுவெதுப்பான தண்ணீரைச் சிரிஞ்சில் எடுத்து மெதுவாகத் தள்ளியும் இழுத்தும் பாருங்கள். பலம் காட்ட வேண்டாம். தென்னங்குச்சியும் கம்பியும் விட்டுக் குத்தவே கூடாது. குத்திக்கொண்டு வந்தவரைப் பார்த்திருக்கிறேன். சரியாகாவிட்டால் வாருங்கள்.

மருந்தைச் சாப்பாட்டில் கலக்காதீர்கள். மருந்து தனி, நடுவே தண்ணீர், சாப்பாடு தனி. வலிப்பு மருந்துகளில் சில, உணவோடு சேர்ந்தால் உடம்பில் சரியாகச் சேராது. சாப்பாட்டை மாற்றப் போகிறோம் என்று வலிப்பு டாக்டருக்குச் சொல்லி, மருந்து நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

குழாய் கழன்று வெளியே வந்துவிட்டால் அது அவசரம். துளை சில மணி நேரத்திலேயே சுருங்கத் தொடங்கிவிடும். சுத்தமான துணியால் மூடி, கழன்ற குழாயையும் கையோடு எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நடு ராத்திரியானாலும் என்னை எழுப்புங்கள், வண்டிக்கு ஏற்பாடு செய்வோம். தானே திரும்பச் செருகிவிட்டு, உள்ளே போயிருக்கும் என்ற நம்பிக்கையில் சாப்பாட்டை விட்டால், அது இரைப்பைக்குப் போகாமல் வயிற்றுக்குள் கொட்டிப் பிள்ளையின் உயிருக்கே ஆபத்தாகிவிடும். புதிதாகத் துளை போட்ட பிள்ளைக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். வயிறு உப்பிக் கல் போல இறுகினாலும், விடும்போது பிள்ளை வலியில் துடித்தாலும், வாந்தி பச்சையாகவோ இரத்தமாகவோ வந்தாலும், துளையைச் சுற்றிச் சிவந்து சீழ் வைத்தாலும் சாப்பாட்டை நிறுத்திவிட்டுப் போங்கள்.

எடை பார்ப்பதை மறக்க வேண்டாம். சாப்பாட்டை மாற்றிய முதல் இரண்டு மாதம், இரண்டு வாரத்துக்கு ஒரு முறை தோட்ட மருந்தகத்துக்குக் கொண்டு வாருங்கள். காசு கிடையாது. நிற்க முடியாத பிள்ளையை நீங்கள் தூக்கிக்கொண்டு தராசில் ஏறுங்கள், பிறகு நீங்கள் மட்டும் ஏறுங்கள். கழித்தால் பிள்ளையின் எடை. எழுதி வைப்போம். வளரும் பிள்ளைக்கு எடை கூடாமல் நிற்பதும் நல்லதல்ல. இறங்கினால் மறுநாளே உணவு நிபுணரிடம் அனுப்ப வேண்டும். சிறுநீர் மஞ்சளாக, குறைவாகப் போனால் தண்ணீர் பற்றவில்லை என்று பொருள். அந்தத் தண்ணீரைச் சாப்பாட்டில் கலக்காமல் வேளைகளுக்கு நடுவே தனியாகக் கொடுங்கள்.

இப்படிப்பட்ட பிள்ளைக்கு ஊனமுற்றோர் அட்டை எடுக்காத வீடுகள் நம் தோட்டங்களில் இன்னும் இருக்கின்றன. டாக்டர் கையெழுத்திட்ட பாரத்தோடு சமூக நல இலாகாவில் பதிய வேண்டும். படுத்த படுக்கையாக இருப்பவரைப் பராமரிப்போருக்கு மாத உதவித்தொகை ஒன்றும் அந்த இலாகாவில் உண்டு. தகுதி உள்ளதா என்று அவர்கள் பார்ப்பார்கள். பாரம் நிரப்பத் தெரியாவிட்டால் கிளைச் செயலாளரிடமோ என்னிடமோ கொண்டு வாருங்கள். வேலை நாளில் இலாகாவுக்குப் போக வேண்டியிருந்தால், முதல் நாளே கிராணியாரிடம் சொல்லிவிடுவது நல்லது.

முதலில் சொன்ன அந்தப் பிள்ளை பற்றிக் கேட்பீர்கள். உணவு நிபுணர் அளவு எழுதிக் கொடுத்தார். இரண்டு வேளை அரைத்த சாப்பாடு, மூன்று வேளை பால்மாவு. இழந்த எடையைத் திரும்பப் பிடிக்க ஐந்து மாதம் ஆனது. நான் அந்தத் தோட்டத்தை விட்டு மாறும்போது 15 கிலோவுக்குச் சற்று மேல்.

கூட்டத்தில் கேட்ட பாட்டியம்மாவுக்கு: உங்கள் பேரப்பிள்ளையின் குழாய் எந்த வகை, அதில் என்ன எண் போட்டிருக்கிறது என்று பார்த்து வாருங்கள். ஆஸ்பத்திரியில் கொடுத்த சீட்டு, நீங்கள் விடும் சிரிஞ்சு, இப்போது என்ன விடுகிறீர்களோ அதில் ஒரு டப்பா, மூன்றையும் கொண்டு வாருங்கள். ஏற்கனவே சோறு அரைத்து விட்டுக்கொண்டிருந்தால் அதையே கொண்டு வாருங்கள். சத்தம் போட மாட்டேன்.